ஒரு நாட்டுக்கு ஒரு நாற்காலி

ஜனவரி 4, 1996

பள்ளிக்கூடம் திறந்தாகிவிட்டது. ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலத் தாள்கள் பாதிக்கு மேல் திருத்தாமல் கிடக்கின்றன. ‘என் லட்சியம்’ கட்டுரையில் வகுப்பு மொத்தமும் டாக்டராகி ஏழைகளுக்கு இலவச வைத்தியம் பார்க்கப் போகிறது. நோயாளியாக இருக்க ஒருத்திகூட முன்வரவில்லை.

மாலையில் தோழர் இருதயராஜ் வந்தார். டிசம்பர் மாநாட்டில் கட்சி இரண்டாக உடைந்த பிறகு எங்கள் தரப்புக்குத் திருச்சி மாவட்டச் செயலாளர் அவர்தான். அதற்கு முன் பல வருடம் அந்தப் பொறுப்பில் இருந்தவர் இப்போது எதிர்த்தரப்பின் செயலாளர். பாலக்கரையில் அவர்களுடைய சங்க அறையில் பாய் விரித்துப் படுக்கிறார் என்று கேள்வி. எனக்கு அதில் அக்கறை இல்லை. அந்த அறையில் கொசு அதிகம் என்பது ஊரறிந்த தகவல்.

அவர் பெயர் பக்கிரிசாமி. என் கணவர். இதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் படிக்கும்போது நானே குழம்பக் கூடாது.

எதற்காகப் பிரிந்தீர்கள் என்று ஆசிரியர் அறையில் கேட்டார்கள். வரப்போகிற தேர்தலில் நிற்பதா, புறக்கணிப்பதா என்ற கேள்வியில் என்றேன். “நின்னா ஜெயிச்சிருவீங்களா டீச்சர்?” என்றார் தமிழ் டீச்சர். மாட்டோம் என்றேன். “அப்ப எதுக்கு இந்தச் சண்டை?” அவருக்கு அரசியல் தெரியாது. ஆனாலும் எனக்கு நாள் முழுக்க எரிச்சலாக இருந்தது.

மாநாட்டில், தேர்தலில் நிற்கலாம் என்ற தீர்மானம் ஒரே ஒரு ஓட்டில் ஜெயித்தது. தூக்கிய கைகளை எண்ணியவர் என் கணவர்தான். விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தவர் என் கையிடம் வந்ததும் ஒரு கணம் நின்றார். பிறகு அதையும் சேர்த்து எண்ணிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார். சரியாகத்தான் எண்ணினார்.

சொத்துப் பிரிவினை முடிந்தது. நோட்டீஸ் அச்சடிக்கும் சைக்ளோஸ்டைல் மெஷின் அவர்களுக்கு. அலுவலகமும் அதன் வாடகை பாக்கியும் எங்களுக்கு. மார்க்ஸ் முதல் மாவோ வரை ஐந்து பேரும் வரிசையாக இருக்கும் படம் அவர்களுக்கு. அது மாட்டியிருந்த ஆணி எங்களுக்கு.

இருதயராஜ் கொண்டுவந்தது ஒரு சுற்றறிக்கை. நீக்கப்பட்டவர்களை இனி ‘தோழர்’ என்று சொல்லக் கூடாது, ‘திரு.’ போதும். கல்யாணமான நாளிலிருந்து நான் அவரைத் ‘தோழர்’ என்றுதான் கூப்பிட்டேன். ‘என்னங்க’ என்பது என் வாயில் வராது. பெயர் சொல்லிக் கூப்பிட அவருடைய அம்மா இருந்தவரை விடவில்லை, பிறகு பழகவும் இல்லை. ஆக, அவரைக் கூப்பிட என்னிடம் இப்போது ஒரு சொல்லும் கிடையாது. கூப்பிட வேண்டிய அவசியமும் கிடையாது என்பதால் இது ஒரு பிரச்சினையே இல்லை.

ஜனவரி 5

பால் மிஞ்சிவிட்டது. உறை ஊற்றினேன். பால்காரரிடம் அளவைக் குறைக்கச் சொல்ல வேண்டும். தினமும் மறந்துபோகிறது.

ஜனவரி 8

ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்சி உடைவதற்கு முன் நாங்கள் அனுப்பிய அழைப்புக்குப் பதில். சர்வதேச ஒருங்கிணைப்புக் குழுவின் சார்பில் நூர்ஹான் என்ற பெண் தோழர் வருகிறார். துருக்கிக்காரர். அங்கே சிறையில் இருந்துவிட்டு, பிறகு நாட்டைவிட்டுத் தப்பி, ஜெர்மனியில் ஒரு ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர்.

சோவியத் யூனியன் போன பிறகு உலகத்தில் எங்களைப் போன்ற சின்னப் புரட்சிகரக் கட்சிகள் ஆளுக்கொரு மூலையில் துக்கம் காத்துக்கொண்டிருந்தன. அவற்றையெல்லாம் ஒரு கூரையின் கீழ் கொண்டுவருவதற்குத்தான் இந்தக் குழு. கோடையில் மாநாடு கூடுகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு நாற்காலி. நூர்ஹான் எழுதப்போகும் அறிக்கையை வைத்துத்தான் அந்த நாற்காலி எங்களுக்கா, அவர்களுக்கா என்று முடிவாகும்.

வெளியில் இருப்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். இருக்கட்டும். மூன்று வருடம் முன்பு மணப்பாறைப் பக்கம் கூலிப் போராட்டத்தில் எங்கள் ஆள் ஒருவரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய், எந்த ஸ்டேஷன் என்றே சொல்லாமல் வைத்திருந்தது. நாங்கள் கதறியது தெருமுனைவரைகூடக் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் கலெக்டருக்கு ஜெர்மனியிலிருந்து தந்தி வந்தது, கீழே முகம் தெரியாத மனிதர்களின் பெயர்கள் வரிசையாக. அன்று மாலையே அவரைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்தார்கள். நடக்க முடியவில்லை, ஆனால் உயிரோடு இருந்தார். அந்த ஆள் யார் என்று இங்கே எழுத வேண்டியதில்லை.

அதனால்தான் அந்த நாற்காலி எங்களுக்கு வேண்டும். நாளைக்கு யாரையாவது தூக்கிப் போனால் யாராவது தந்தி அடிக்க வேண்டும்.

ஜனவரி 10

கன்டோன்மென்ட்டில் ஒரு மெஸ்ஸின் மாடியில் இரு தரப்பும் கூடினோம். விருந்தினரின் நிகழ்ச்சி நிரலை முடிவு செய்ய. முதல் நாள் எங்களோடு, இரண்டாம் நாள் அவர்களோடு, மூன்றாம் நாள் எல்லோரும் சேர்ந்து. தங்குவது என் வீட்டில், ஏனென்றால் குளியலறை உள்ளேயே இருக்கும் வீடு என்னுடையதுதான்.

மொழிபெயர்ப்பது யார் என்ற கேள்வி வந்தபோது எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ஆங்கிலம் தடுமாறாமல் பேசுவது இரண்டு கட்சிக்கும் சேர்த்து நான் ஒருத்திதான்.

எதிர்த்தரப்பிலிருந்து ஒருவர், “உங்க ஆளு மொழிபெயர்த்தா எங்க பேச்சு எப்படிப் போய்ச் சேரும்?” என்றார்.

இருதயராஜ் விடவில்லை. “எங்க ஆளுதான். ஆனா உங்க செயலாளரோட சம்சாரமும் அவங்கதானே? பயப்படணும்னா நாங்கதான் பயப்படணும்.”

திரு. பக்கிரிசாமி, “அவங்க யாருக்காகவும் பொய் சொல்ல மாட்டாங்க” என்றார், மேசையைப் பார்த்துக்கொண்டு.

ஒரு மணி நேரம் விவாதித்துத் தீர்மானம் போட்டார்கள். மொழிபெயர்ப்பாளருக்கு எந்தத் தரப்பின் பொறுப்பாளரோடும் உள்ள தனிப்பட்ட உறவு விருந்தினருக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. கட்சி உடைந்த பிறகு இரண்டு பக்கமும் ஒருமனதாக ஏற்றுக்கொண்ட ஒரே விஷயம், நான் அவருடைய மனைவி இல்லை என்பதுதான்.

எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். அவருடைய பேனா எழுதவில்லை. என்னுடையதைக் கொடுத்தேன்.

ஜனவரி 13

இன்று திரு. பக்கிரிசாமி வீட்டு வாசலில் நின்று தொண்டையைச் செருமினார், எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி.

“உள்ள வரலாமா?”

“வாங்க.”

“எங்க அறிக்கை. வர்றவங்களுக்குக் கொடுக்கணும். இங்கிலீஷ்ல வேணும்.”

“எங்களோடது இன்னும் முடியல. அது முடிச்சுட்டுத்தான் இது.”

“சரி. அது நியாயம்தான்.”

அங்கேயே நின்று புரட்டினேன். மூன்றாம் பக்கத்தில் ‘வாக்குப்பெட்டி மயக்கத்தில் விழுந்த சந்தர்ப்பவாதக் கும்பல்’ என்று இருந்தது. கையெழுத்து அவருடையது. ‘கும்பல்’ என்பதை அடித்துவிட்டு, மறுபடி எழுதியிருந்தார்.

“இந்தக் கும்பல்ல நானும் உண்டுல்ல?”

“அது அரசியல்ரீதியாச் சொல்றது.”

“அரசியல்ரீதியா ஒரு டீ குடிக்கிறீங்களா?”

நெளிந்தார். “இல்ல. எங்க கமிட்டில சர்க்குலர் போட்டிருக்கு. அந்தத் தரப்பு ஆளுங்க கைல தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாதுன்னு.”

“யாரு எழுதுன சர்க்குலர்?”

அவர்தான் எழுதியிருப்பார். சர்க்குலர் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

“இருமல் போயிருச்சா?” என்று கேட்டார்.

“போயிருச்சு.”

“சரி, வர்றேன்.”

சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அவர்கள் தரப்பில் ஊசியும் நூலும் இல்லையோ என்னவோ. நான் சொல்லவில்லை, அது அவர்களுடைய உள்கட்சி விவகாரம்.

ஜனவரி 15

பொங்கல். ஒருத்திக்கு எதற்கென்று வைக்கவில்லை. பேப்பர் திருத்திக்கொண்டிருந்ததில் அடுப்பில் இருந்த பாலைக் கவனிக்கவில்லை. அது தானாகப் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன்.

ஜனவரி 18

இரண்டு அறிக்கையும் முடிந்தன. அவர்களுடைய அறிக்கையில் நெல் கொள்முதல் கணக்கு ஒன்று தப்பாக இருந்தது, திருத்திப் போட்டேன். வெளியாள் முன்னால் அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி நிற்க வேண்டாம். அது கட்சியின் மானம், எந்தக் கட்சியானாலும்.

மாலையில் எங்கள் கல்யாணப் படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்தேன். அவருடைய செருப்பு, பழைய குடை, திருத்துறைப்பூண்டிக் கூட்டத்தில் எடுத்த போட்டோ எல்லாம் பரணில். வீடு பார்க்க வாடகைக்கு விடப்போகிற வீடு மாதிரி இருந்தது.

ஜனவரி 19

காலையில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ். பிளாட்பாரத்தில் எங்கள் பேனர் ஒரு தூணில், அவர்களுடைய பேனர் அடுத்த தூணில். இரண்டிலும் ஒரே கட்சிப் பெயர், ஒரே நட்சத்திரம். பார்த்தவர்கள் பெரிய கட்சி போல என்று நினைத்திருப்பார்கள்.

நூர்ஹான் இறங்கினார். அறுபது இருக்கும். ஒல்லியாக, ஆண்பிள்ளை உயரத்தில், குட்டையாக வெட்டிய நரைமுடியோடு. இருதயராஜ் ஒரு மாலை போட்டார். திரு. பக்கிரிசாமி ஒரு மாலை போட்டார். இரண்டு மாலையும் காந்தி மார்க்கெட்டில் ஒரே கடையில் வாங்கியவை என்பது கட்டியிருந்த நாரிலேயே தெரிந்தது.

நூர்ஹான் சிரித்துக்கொண்டே என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “எப்போது உடைந்தீர்கள்?”

“உங்களுக்கு யார் சொன்னது?”

“இரண்டு பேனர், ஒரே பெயர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் கைகுலுக்கும் இரண்டு ஆண்கள். இதே வரவேற்பு எனக்கு நான்கு நாடுகளில் கிடைத்திருக்கிறது. எங்கள் கட்சியைக் கேட்காதே, அது எத்தனையாக உடைந்தது என்பதிலேயே கருத்து வேறுபாடு இருக்கிறது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்ன சொன்னார் என்று இருதயராஜ் கேட்டார். வரவேற்புக்கு நன்றி சொல்கிறார் என்றேன். மொழிபெயர்ப்பாளராக என் முதல் பொய்.

வீட்டில் பில்டர் காபி போட்டுக் கொடுத்தேன். பால் வேண்டாம் என்றுவிட்டார். டீயானாலும் காபியானாலும் பால் சேர்ப்பதில்லையாம். ஆக, மிச்சப்படும் பால் இன்னும் மிச்சம்.

முகம் கழுவிவிட்டு வந்து சொன்னார்: “உன் வீட்டுக் கண்ணாடி எனக்குச் சரியாக இருக்கிறது. உனக்கு எட்டாதே? இதில் உன் முகம் எப்படித் தெரியும்?”

சவரக் கண்ணாடி! அதை எடுக்க மறந்திருக்கிறேன். முன்னால் குடியிருந்தவர்கள் மாட்டியது என்றேன். நூர்ஹான் தலையாட்டினார். சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் திரு. பக்கிரிசாமியின் சவரப் பிரஷ்ஷும் இருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

ஜனவரி 20

எங்கள் தரப்பின் நாள். இருதயராஜ் காலை முழுக்கப் பேசினார். எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

மொழிபெயர்ப்பதில் எனக்கு ஒரு பழக்கம். பேசுபவர் ‘நான்’ என்றால் நானும் ‘நான்’ என்றே சொல்வேன். ‘அவர் சொல்கிறார், அவர் நினைக்கிறார்’ என்று தள்ளி நின்றால் பேச்சில் உயிர் இருக்காது. கோபமாகச் சொன்னதைக் கோபமாகவே சொல்ல வேண்டும்.

நூர்ஹான் நல்ல கேள்விகளாகக் கேட்டார். தேர்தலில் நின்று ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது இருதயராஜ் கொஞ்சம் திகைத்துப் போனார். அதை நாங்கள் யோசித்ததே இல்லை.

மாலையில் நூர்ஹான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். அவனும் தோழர்தான், இன்னொரு பிரிவில். ஒரே ஊர், ஒரே தெரு. எட்டு வருடமாக எதிரே அக்கா வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போய்விடுவானாம். மணப்பாறைத் தந்திக்குக் கையெழுத்து வாங்கும்போது மட்டும் சலவைக்கூடத்துக்கு வந்து, பேசாமல் போட்டுவிட்டுப் போனானாம்.

“அந்தத் தந்தியில் நீங்களும் உண்டா?” என்று கேட்டேன்.

“நான்தான் அனுப்பினேன். அந்தத் தோழர் பிழைத்தாரா?”

பிழைத்தார் என்றேன். அதோடு எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

ஜனவரி 21

அவர்களுடைய நாள். பாலக்கரை சங்க அறை. ஐந்து தலைவர்களின் படம் அங்கே ஒரு ஸ்டூல் மேல் சாய்த்து வைத்திருந்தது. ஆணிதான் எங்களிடம் இருக்கிறதே.

திரு. பக்கிரிசாமி பேசினார். அவர் பேச்சு எனக்குப் புதிதில்லை. எங்கே மூச்சு வாங்குவார், எங்கே குரலை இறக்குவார் என்று தெரியும். அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் ஆங்கிலத்தில் பாதி தாண்டியிருந்தேன். ‘சந்தர்ப்பவாதக் கும்பல்’ என்று அவர் எங்களைத் திட்டியதை அதே வேகத்தில், அதே காரத்தோடு நானும் என்னைத் திட்டினேன். எங்கள் தரப்புப் பார்வையாளராக வந்திருந்த இருதயராஜின் முகம் சிவந்துவிட்டது.

நடுவில் ஒரு இடம். துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் செத்த ஊரின் பெயர் அவருக்கு வரவில்லை. “அந்த... அந்த ஊரு...” என்று என்னைப் பார்த்தார், வீட்டில் மூக்குக் கண்ணாடியைத் தேடும்போது பார்ப்பாரே, அப்படி. நான் ஊர்ப்பெயரைச் சொன்னேன். “ஆமா, அங்கதான்” என்று தொடர்ந்தார். யாருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை. நூர்ஹான் மட்டும் குறிப்பெழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

திரும்பும்போது இருதயராஜ் பஸ் ஸ்டாப்பில் பிடித்துக்கொண்டார்.

“தோழர், ஒரு விமர்சனம். அவர் பேச்சை நீங்க ரொம்ப நல்லா மொழிபெயர்த்துட்டீங்க.”

“அது தப்பா?”

“நேத்து நான் பேசுனதுக்கு அவ்வளவு வேகம் இல்லையே.”

“நீங்க அவ்வளவு வேகமாப் பேசலையே தோழர்.”

கமிட்டியில் வைத்துப் பேசுவோம் என்றார். பேசட்டும். நன்றாக மொழிபெயர்த்ததற்காக விமர்சனம் வாங்கிய முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒன்று மட்டும் இங்கே எழுதிவைக்கிறேன், எந்தக் கமிட்டிக்கும் தெரிய வேண்டாம். அவர் சொன்ன முடிவு எனக்கு இப்போதும் சம்மதமில்லை. ஆனால் அவர் பேசியதைப் பேசியபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. டிசம்பருக்குப் பிறகு அவ்வளவு நேரம் நாங்கள் சேர்ந்து பேசியது இன்றுதான்.

ஜனவரி 22

நடந்ததை நடந்தபடி எழுதப் பார்க்கிறேன்.

பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டேன். மெஸ் மாடியில் இரு தரப்பும் எதிரெதிரே. நடுவில் நூர்ஹான், பக்கத்தில் நான். மதியத்துக்குப் பிறகு நூர்ஹான் ஒரு விஷயம் சொன்னார். அவர்கள் இயக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எந்த மாநாட்டிலும் பிரதிநிதியாக உட்காரப் போகிறவர் முதலில் தன் வாழ்க்கைக் குறிப்பை எல்லோர் முன்பும் வாயால் சொல்ல வேண்டும். எங்கே பிறந்தோம், எப்போது இயக்கத்துக்கு வந்தோம், சிறை, குடும்பம் எல்லாம். எதையும் ஒளிக்கக் கூடாது.

“உங்கள் அறிக்கைகளைப் படித்துவிட்டேன். இரண்டும் ஒரே ஆள் எழுதியது போல இருக்கின்றன. எனக்கு ஆட்களைத் தெரிய வேண்டும்” என்றார்.

முதலில் இருதயராஜ் சொன்னார். புள்ளம்பாடிப் பக்கம் பிறந்தது, மாதா கோவில் கொயரில் பாடியது, சிமெண்ட் ஆலையில் வேலை போனது, மனைவி இன்றுவரை தனக்காக நோவேனா ஜெபம் சொல்வது. அதைச் சொல்லும்போது கொஞ்சம் வெட்கப்பட்டார். எனக்கு அவர்மேல் முதல் தடவையாகப் பிரியம் வந்தது.

அடுத்து இவர்.

“திருத்துறைப்பூண்டிப் பக்கம் பொறந்தேன். அப்பா பண்ணையாளு. அம்மா நடவுக்குப் போவாங்க.” நான் சொன்னேன். “பத்தாவதோட படிப்பு நின்னு போச்சு. எமர்ஜென்சில உள்ள இருந்தேன்.” நான் சொன்னேன். “வெளிய வந்து கட்சிக்கு முழுநேரமா...” நான் சொன்னேன். “எழுபத்தெட்டுல...”

நின்றுவிட்டார்.

எழுபத்தெட்டில் என்ன என்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும், ஒருவரைத் தவிர. கட்சி அலுவலகத்தில் இரண்டு மாலை, ஒரு உறுதிமொழி, ஆளுக்கொரு டீயும் பொறையும். பிள்ளை வேண்டாம், இயக்கம் போதும் என்று சேர்ந்து முடிவெடுத்தோம். அந்த முடிவுக்கு ஓட்டெடுப்பு தேவைப்படவில்லை.

நான் காத்திருந்தேன். இருதயராஜ் தொண்டையைச் செருமினார். அவர்கள் தரப்பில் ஒருவர், “அடுத்தது சொல்லுங்க, எண்பதுல மாவட்டக் கமிட்டி” என்று எடுத்துக் கொடுத்தார். அவர் மட்டும் ‘எண்பதில்’ என்று ஆரம்பித்திருந்தால் நானும் ‘எண்பதில்’ என்று சொல்லியிருப்பேன். அந்த இரண்டு வருட இடைவெளியில் நான் இல்லாமல் போயிருப்பேன். அவர் வாயைத் திறக்கும்வரை அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு எதைப் பற்றியும் அப்போது நினைக்கவில்லை, நாற்காலியைப் பற்றிக்கூட.

“எழுபத்தெட்டுல கல்யாணம்” என்றார். “அவங்க பேரு அம்சவேணி. தோழர் அம்சவேணி. இப்ப உங்க பக்கத்துல உக்காந்து நான் சொல்றத இங்கிலீஷ்ல சொல்லிக்கிட்டு இருக்காங்க.”

எதிர்த்தரப்பில் நாற்காலிகள் நகரும் சத்தம். “தீர்மானம் போட்டிருக்கு!” என்று ஒருவர் எழுந்தார்.

“தெரியும். நானும் கையெழுத்துப் போட்டேன். அவங்க பேனாலதான் போட்டேன்.” என் பக்கம் கையைக் காட்டினார். “தேர்தல் விஷயத்துல அவங்க சொல்றது தப்புதான். இன்னிக்கும் அதையேதான் சொல்றேன். நாளைக்கும் சொல்வேன். ஆனா அவங்க எனக்குத் தோழர் இல்லன்னு எழுதிக் கொடுத்தேன் பாருங்க, அது பொய். வெளிநாட்டுலேந்து ஒரு அம்மா இவ்வளவு தூரம் வந்து உக்காந்திருக்கும்போது பொய்க் குறிப்புக் கொடுக்க எனக்கு வரல.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொழிபெயர்க்க வேண்டும். இத்தனை வருடத்தில் எனக்கு ஆங்கிலம் மறந்துபோனது அப்போதுதான். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்தேன். பழக்கப்படி ‘நான்’ என்றே சொன்னேன். எனக்கு ஒரு மனைவி இருக்கிறார், அவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்று நூர்ஹானிடம் நானே சொன்னேன். தேர்தல் விஷயத்தில் அவர் சொல்வது தப்பு என்பதையும் விடாமல் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேன்.

நூர்ஹான் என் முழங்கையில் கை வைத்தார். “கண்ணாடியைப் பார்த்தபோது சந்தேகம். நேற்று நீ அவருக்கு ஊர்ப்பெயர் எடுத்துக் கொடுத்தபோது நிச்சயம்” என்றார். பிறகு, “மணப்பாறைத் தோழரும் இவர்தானே?” என்று கேட்டார். தலையை மட்டும் ஆட்டினேன்.

இவர் நின்றுகொண்டே இருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. பேச இன்னும் மிச்சம் இருந்தது. என் முன்னால் இருந்த டம்ளரை அவர் பக்கம் தள்ளினேன்.

“தோழர், தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க” என்றேன்.

வாங்கிக் குடித்தார். முழுக்க.

ஜனவரி 24

நேற்று நூர்ஹானை ரயிலேற்றினோம். இரு தரப்பும் வந்திருந்தார்கள், ஒரே தூணின் கீழ் நிற்கும்படி ஆகிவிட்டது, மழைத் தூறல். நாற்காலியைப் பற்றி நூர்ஹான் ஒன்றும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாக என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

இன்று எங்கள் கமிட்டி கூடியது. நீக்கப்பட்டவரைத் ‘தோழர்’ என்று அழைத்ததற்காக எனக்குக் கண்டனம். அவர்கள் கமிட்டியும் கூடியதாம். தண்ணீர் குடித்ததற்காக அவருக்குக் கண்டனம். தண்ணீர்ச் சர்க்குலரை எழுதியவரே அவர்தான் என்பதால் தீர்மானத்தையும் அவரே எழுதிக் கொடுத்ததாக இருதயராஜ் சொன்னார். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

படத்தை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்து மாட்டினேன்.

பிப்ரவரி 11

பால் மிச்சம்.

பிப்ரவரி 27

கடிதம் வந்துவிட்டது. இரண்டு கட்சியின் பெயரையும் ஒரே உறையின் மேல் எழுதி, என் முகவரிக்கு.

இந்தியாவுக்கு ஒரு நாற்காலிதான். ஆனால் அது எந்த ஒரு தரப்புக்கும் இல்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி, ஒத்துக்கொண்டு, ஒரு பெயரை அனுப்பினால் அந்த ஆள் உட்காரலாம். இல்லாவிட்டால் நாற்காலி காலியாகவே இருக்கும், அதன்மேல் இரண்டு கொடியும் இருக்கும். அதுவரை யாரையாவது போலீஸ் பிடித்தால், எந்தத் தரப்பு என்று கேட்காமல் தந்தி வரும்.

அடியில் கையால் எனக்கு இரண்டு வரி: “என் தம்பி இன்னும் எதிர்ப்பக்கம்தான் நடக்கிறான். இப்போதெல்லாம் நானும் அந்தப் பக்கமாகவே நடக்கிறேன்.”

மார்ச் 3

பேச்சுவார்த்தை. அவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு வர மாட்டார்கள், நாங்கள் பாலக்கரைக்குப் போக மாட்டோம். அதனால் என் வீடு. தண்ணீர்ச் சர்க்குலர் இந்த ஒரு நாளைக்கு நிறுத்திவைக்கப்பட்டது. எல்லோருக்கும் காபி.

நாற்காலியில் யார் என்பது முடிவாகவில்லை. இருதயராஜ் மூன்று தடவை எழுந்து போய் மூன்று தடவை திரும்பி வந்தார். அடுத்த ஞாயிறு மறுபடி கூடுவது என்பது மட்டும் முடிவு. எங்கே என்று கேட்டபோது, “இங்கயே, காபி நல்லா இருக்கு” என்றார் எதிர்த்தரப்புக்காரர் ஒருவர்.

எல்லோரும் போன பிறகு ஒருவர் மட்டும் டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, மெதுவாக. டம்ளர் பொறுக்க அவ்வளவு நேரம் ஆகாது.

“அந்தக் கண்ணாடி உங்களுக்கு எட்டலைன்னு அந்தம்மா சொன்னதா காபி குடுக்கும்போது சொன்னீங்களே. எறக்கி மாட்டவா?” என்று கேட்டார்.

“இருக்கற இடத்துலயே இருக்கட்டும்.”

“சரி.”

“சட்டையக் கழட்டிக் குடுங்க தோழர். பொத்தான் தைக்கணும்.”

தேர்தல் விஷயத்தில் இருவருமே மாறவில்லை. இனி நான் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுப் போவேன். அவர் ஓட்டுப் போடாதே என்று அதே தெருவில் போஸ்டர் ஒட்டுவார். பசை மட்டும் ஒரே சட்டியில்தான் காய்ச்ச வேண்டும், எங்கள் வீட்டில் பெரிய சட்டி ஒன்றுதான் இருக்கிறது.

மார்ச் 4

இன்று பால் போதவில்லை.